பழைய வண்டியும் புதிய எஞ்சினும்



வெளிமாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் பலருடைய ஊர் வீட்டில், தந்தையார் காலத்து மோட்டார் வண்டி ஒன்று கொட்டகையில் நின்றுகொண்டிருக்கக் காணலாம். அதை விற்க மனம் வராது, ஓட்டவோ இயலாது. எஞ்சின் தேய்ந்திருக்கும்; உதிரிப் பாகங்கள் கடையில் கிடைக்கமாட்டா. விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம், "பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றைப் பூட்டிவிட்டால் என்ன?" என்று யாரேனும் ஒருவர் கேட்பார். கேள்வி எளிது. அதற்குரிய விடையை இன்று நேயர்களோடு சேர்ந்து ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம்.

நாம் மொழிபெயர்ப்புத் தொழிலில் காலங்கழிப்பவர்கள். திருகுச் சாவி பிடித்துப் பழகியவர்கள் அல்லோம். ஆயினும் எம் நண்பர் ஒருவருக்கு நேர்ந்த சங்கடம் எம்மை இத்துறையில் சற்று ஆழ்ந்து படிக்கச் செய்தது. கோவை மாவட்டத்துக்காரரான அவர் நாகபுரியில் மத்திய அரசுப் பணியில் இருப்பவர். 1968-ஆம் ஆண்டில் அவருடைய தந்தையார் வாங்கிய பெட்ரோல் ஜீப்பு ஒன்று ஊரில் இருந்தது. நண்பர் அதை ஒரு பட்டறையில் விட்டு, வேறொரு வண்டியின் டீசல் எஞ்சினைப் பூட்டச் செய்து, லாரியில் ஏற்றி நாகபுரிக்குக் கொணர்ந்தார். எஞ்சின் உடனே ஓடிற்று. ஆனால் வேகம் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி முழுவதும் நடுங்கிற்று. பிரேக்கை மிதித்தால் நிற்பதற்கு முன்னைவிட நெடுந்தூரம் பிடித்தது. ஓராண்டு கழித்து வண்டியை மகாராஷ்டிரப் பதிவுக்கு மாற்றச் சென்றபோது, பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண் ஒன்றாகவும், வண்டியில் உள்ள எண் வேறாகவும் இருந்தன. சான்றிதழ் 'பெட்ரோல்' என்றது. வண்டியோ டீசலைக் குடித்தது. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

இவ்வளவு தொல்லையும் எங்கிருந்து வந்தது? எஞ்சின் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்ற எண்ணத்திலிருந்து வந்தது. வண்டி என்பது ஒன்றோடொன்று அளவெடுத்து இணைத்த பல உறுப்புகளின் கூட்டம். அவற்றுள் தலைமையான ஒன்றை மாற்றினால், ஏனையவற்றையும் அதற்கேற்ப இசைவித்தாக வேண்டும். இது எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அறிய, இக்கலை மிகவும் வளர்ந்துள்ள அமெரிக்க நாட்டை முதலில் நோக்குவோம்.

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிக்கப் என்னும் சிறு சரக்கு வண்டிக்கு ஒரு தனி இடம் உண்டு. முன்புறம் ஓட்டுவோர் அறை, பின்புறம் திறந்த சரக்குத் தொட்டி என்ற அமைப்பு உடையது அது. தானிய மூட்டைகளும் வேலிக் கம்பிகளும் கன்றுக்குட்டிகளும் அதில்தான் சென்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947-ஆம் ஆண்டின் நடுவில் ஷெவர்லே நிறுவனம் புதிய வடிவில் ஒரு பிக்கப் வரிசையை வெளியிட்டது. உருண்ட முகப்பும் கிடைக்கம்பிகளும் கொண்ட அவ்வரிசை 1955-ஆம் ஆண்டின் முற்பகுதி வரை விற்பனையாயிற்று. அவற்றுள் அரை டன் வகையான '3100' இன்றும் ஆர்வலர் பலரால் விரும்பிப் பேணப்படுகிறது. நாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்போவது அந்த வண்டியே.

அதன் ஆரம்பகால எஞ்சின் ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர்களைக் கொண்டது. கொள்ளளவு 216 கன அங்குலம். அதாவது ஏறத்தாழ மூன்றரை லிட்டர். திறன் சுமார் 90 குதிரைத்திறன். மெதுவாகச் சென்று பாரம் இழுப்பதற்கு அது உகந்தது. கெட்டால் உழவரே பழுது பார்த்துக்கொள்ளும் அளவுக்கு எளிய அமைப்பு உடையது. ஆயினும் அதற்கென்று ஓர் எல்லை உண்டு. பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கோல்களின் அடிமுனைகளுக்கு எண்ணெய் முழு அழுத்தத்தில் ஊட்டப்படுவதில்லை. அம்முனைகளில் உள்ள சிறு கரண்டிகள் சுழலும்போது எண்ணெயை அள்ளிக்கொள்கின்றன. தாங்கிகளோ, 'பாபிட்' என்னும் மெல்லிய வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்துச் செய்தவை. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரைந்து ஓட்டினால் இவ்வமைப்பு தளர்ந்துவிடும். தளர்ந்த தாங்கியை மீண்டும் வார்த்துக் கடையத் தெரிந்த கைவினைஞர்களோ அருகி வருகின்றனர்.

ஆகவே பலர் புதிய எஞ்சினை நாடுகின்றனர். 1997-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கார்வெட் காரில் எட்டு சிலிண்டர் கொண்ட புதிய எஞ்சின் குடும்பம் ஒன்றை அறிமுகம் செய்தது. அதைச் சார்ந்த 5.3 லிட்டர் எஞ்சின் 1999-ஆம் ஆண்டு மாதிரி முதல் அந்நிறுவனத்தின் பிக்கப் வண்டிகளில் பெருந்தொகையாகப் பூட்டப்பட்டது. ஆரம்பத்தில் அதன் திறன் 270 குதிரைத்திறன். அதாவது பழைய எஞ்சினைப் போல் மூன்று மடங்கு. விபத்துற்றுப் பழைய இரும்புக் கிடங்குக்கு வந்த வண்டிகளிலிருந்து இவ்வெஞ்சினும், அதனோடு பிறந்த நான்கு வேகத் தானியங்கி கியர்பாக்ஸும் எளிதில் கிடைப்பதால், பழைய பிக்கப் வைத்திருப்போர் இவ்விரண்டையும் ஒருசேர வாங்குகின்றனர். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அவற்றை ஆளும் கணினிப் பெட்டியையும் ஒரே வண்டியிலிருந்து வாங்குவதே அறிவுடைமை. ஒன்றின் மொழி மற்றொன்றுக்கு முன்னரே தெரிந்திருக்கும்.

இனி வேலை தொடங்குகிறது. முதற்படி இடம் காண்பது. பழைய எஞ்சின் நீண்டு ஒடுங்கியது. புதியதோ குறுகி அகன்றது. 'வி' என்ற ஆங்கில எழுத்தைப் போல் இருபுறமும் சாய்ந்து நிற்கும் சிலிண்டர்களின் ஓரத்தில் புகைக் குழாய்கள் இறங்குகின்றன. இடப்புறக் குழாய் ஸ்டியரிங் பெட்டியோடு மோதும். அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். ஆகவே குழாயை வேறு வடிவில் அமைக்கிறார்கள். ஆழமான தொட்டிக்குப் பதிலாக ஆழம் குறைந்ததைப் பூட்டுகிறார்கள். பிறகு எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, பின்புறம் சுமார் மூன்று பாகை தாழும்படி நிறுத்தி, அந்த நிலையில் தாங்கிப் பிடிகளைச் சேசிஸில் பற்றவைக்கிறார்கள். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதில் அவசரம் காட்டுவதில்லை. முதலில் தற்காலிகமாகப் புள்ளியிட்டு ஒட்டி, எல்லா உறுப்புகளையும் பொருத்திப் பார்த்துத் திருப்தி அடைந்த பின்னரே முழுமையாகப் பற்றவைப்பார்கள்.

எஞ்சினை ஏன் மூன்று பாகை சாய்க்கவேண்டும் என்று கேட்கலாம். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாப்டின் இருமுனைகளிலும் மடங்கு மூட்டுகள் உள்ளன. மூட்டு சாய்ந்து சுழலும்போது வேகம் சீராக இராது. ஒரு சுற்றுக்குள்ளேயே இரு முறை கூடிக் குறையும். மறுமுனை மூட்டும் அதே அளவு சாய்ந்திருந்தால் ஒன்றன் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுசெய்துவிடும். கோணங்கள் வேறுபட்டால் நடுக்கம் பிறக்கும். எம் நண்பருடைய ஜீப்பின் நடுக்கத்திற்கு இதுவே காரணம் என்பதைப் பின்னாளில் ஒரு முதிய மெக்கானிக், மரத்துண்டு ஒன்றும் கோணமானி ஒன்றும் வைத்து ஐந்து நிமிடத்தில் கண்டு கூறினார்.

நாம் எடுத்துக்கொண்ட ஷெவர்லே வண்டியில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் டிரைவ் ஷாப்டு வெளியே தெரியாது. கனத்த இரும்புக் குழலொன்றுக்குள் அது சுழல்கிறது. பின் ஆக்சில் திருகிக்கொள்ள முயலும் விசையை அந்தக் குழலே தாங்கிக் கியர்பாக்ஸின் பின்முனையில் சேர்க்கிறது. புதிய கியர்பாக்ஸில் இக்குழலைப் பொருத்த இடமே இல்லை. ஆகவே குழலையும் அதனோடு ஒன்றாய் அமைந்த பின் ஆக்சிலையும் அகற்றிவிட்டு, திறந்த ஷாப்டுக்கு ஏற்ற வேறோர் ஆக்சிலைத் தேடவேண்டும். பட்டை ஸ்பிரிங்குகள் அமரும் திண்டுகளை அதன்மேல் அளந்து பற்றவைக்கவேண்டும். முன்னே ஒன்றை மாற்றினால் பின்னே வேறொன்று மாறுவதை இங்கே கண்கூடாகக் காண்கிறோம்.

ஆக்சிலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சிறு கணக்கு உதவும். பழைய வண்டியில் டிரைவ் ஷாப்டு 4.11 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். டயரின் விட்டம் 28 அங்குலம் என்று கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்திற்குச் சுமார் 671 முறை சுற்றும். பழைய கியர்பாக்ஸின் உச்ச கியரில் எஞ்சினும் ஷாப்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால், எஞ்சின் நிமிடத்திற்கு 2,760 முறை சுற்றியாக வேண்டும். மேலே கூறிய கரண்டி எண்ணெய் முறைக்கு அது பெரும் சுமை. புதிய கியர்பாக்ஸின் நான்காவது கியரிலோ எஞ்சின் 0.70 முறை சுற்றினாலே ஷாப்டு ஒரு முறை சுற்றிவிடும். அதே விகிதமுள்ள ஆக்சிலோடு அதே 90 கிலோமீட்டர் வேகத்திற்கு 1,930 சுற்றுகளே போதும். இரைச்சல் குறைகிறது, தேய்மானம் குறைகிறது. பாரத்தோடு புறப்படுவதற்கோ, 3.06 என்ற விகிதத்தில் முதல் கியர் காத்திருக்கிறது. எஞ்சினை மாற்றுவதால் வரும் நன்மையில் பெரும்பங்கு உண்மையில் கியர்பாக்ஸால் வருவதே என்பதைப் பலர் உணர்வதில்லை.

அடுத்து எரிபொருள். பழைய எஞ்சினுக்குக் கார்புரேட்டர் இருந்தது; எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் சிறு பம்பு, சதுர அங்குலத்திற்கு நான்கைந்து பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலை மெல்ல அனுப்பியது. புதிய எஞ்சின் பெட்ரோலைப் பீச்சுக் குழாய்கள் வழியே சிலிண்டர் வாயிலில் தெளிக்கிறது. அதற்குச் சதுர அங்குலத்திற்கு 58 பவுண்டு அழுத்தம் தேவை. பழைய ரப்பர்க் குழாயை அப்படியே விட்டுவைத்தால் அது வெடித்து, சூடான புகைக் குழாயின்மேல் பெட்ரோல் சிதறக்கூடும். மின்பம்பும், உயர் அழுத்தக் குழாய்களும், புதிய டாங்கியும் இன்றியமையாதவை. பழைய மாதிரிகள் பலவற்றில் பெட்ரோல் டாங்கி ஓட்டுவோர் இருக்கைக்குப் பின்னால் அறைக்குள்ளேயே இருந்தது. இப்போது அதைத் தொட்டியின் அடியில் சேசிஸ் சட்டங்களுக்கிடையே கொண்டுசெல்வதே வழக்கமாக உள்ளது.

மின்சாரமும் மாறவேண்டும். பழைய வண்டி 6 வோல்ட் பேட்டரியில் இயங்கியது. புதிய எஞ்சினுக்கு 12 வோல்ட் வேண்டும். விளக்கு, துடைப்பான், அளவுகாட்டி அனைத்தையும் அதற்கேற்பச் சீர்செய்யவேண்டும். மேலும், இவ்வெஞ்சின் ஒரு கணினியின் கட்டளைப்படி நடப்பது. உள்ளே செல்லும் காற்றின் அளவு, புகையில் எஞ்சிய பிராணவாயு, நீரின் சூடு, தண்டின் சுழற்சி ஆகியவற்றை உணர்கருவிகள் கணினிக்கு ஓயாது தெரிவிக்கின்றன. கியர் எப்போது மாறவேண்டும் என்பதையும் கணினியே முடிவு செய்கிறது. பிறந்த வண்டியில் அதற்குத் திருட்டுத் தடுப்புச் சாவியும் உண்டு. வேறு வண்டியில் பூட்டும்போது அச்சாவியைக் காணாமல் எஞ்சின் இயங்க மறுக்கும். ஆகவே கணினியின் நினைவிலிருந்து அந்தக் கட்டளையை நீக்கவேண்டும். கம்பிகளைப் பிரித்துத் தேவையானவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அகற்றுவது பல நாள் வேலை. இத்தொல்லையைத் தவிர்க்க விரும்புவோருக்காக ஷெவர்லே நிறுவனமே எஞ்சின், கியர்பாக்ஸ், கணினி, கம்பிகள் யாவற்றையும் ஒரு தொகுதியாக விற்றும் வந்துள்ளது.

வெப்பத்தை மறக்கலாகாது. கூடுதல் திறன் என்றால் கூடுதல் வெப்பம். பெரிய ரேடியேட்டரும் மின்விசிறியும் வேண்டும். தானியங்கி கியர்பாக்ஸின் எண்ணெயும் சூடாவதால், அதற்கென்று தனிக் குளிர்விப்பான் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரேக்கு. பழைய 3100 வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்குகள். அவை அனைத்தையும் ஆள்வது தரைக்கடியில் உள்ள ஒரே மாஸ்டர் சிலிண்டர். எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே செயலிழக்கும். ஓடும் வண்டியின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வண்டி தொண்ணூறில் செல்லுமாயின், பிரேக்கு அடக்கவேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்கு. ஆகவே பொறுப்புள்ள பட்டறைகளில், புதிய எஞ்சினை முடுக்கிப் பார்ப்பதற்கு முன்பே, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்குகளும், முன்னும் பின்னும் தனித்தனியாக இயங்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் பூட்டிவிடுகின்றனர். ஓட வைப்பதற்கு முன் நிறுத்த வழி செய்வது இவர்களுடைய முறை.

சில ஆண்டுகளாக இக்கலை மின்சாரத்தையும் தழுவியுள்ளது. 2019-இல் ஷெவர்லே நிறுவனம் 1962-ஆம் ஆண்டுப் பிக்கப் ஒன்றில் இரண்டு மின்மோட்டார்களைப் பொருத்திக் காட்சிக்கு வைத்தது. 2021-இல் ஃபோர்டு நிறுவனமும் தன் 1978-ஆம் ஆண்டு எஃப்-100 வண்டியில் அவ்வாறே செய்து காட்டியது. பெட்ரோலும் புகையும் ஒழிந்தாலும், இடம், எடை, குளிர்விப்பு, பிரேக்கு என்ற கேள்விகள் அங்கும் இருக்கவே செய்கின்றன.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். இத்தகைய மாற்றம் நமக்குப் புதியதன்று. நம் தொழிற்சாலையே இதைச் செய்து காட்டியிருக்கிறது. வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உருவாக்கிய அம்பாசடர் காரை அறியாதார் யார்? 1950-களில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலக் காரைத் தழுவிப் பிறந்த அது, நெடுங்காலம் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினோடும் ஸ்டியரிங்கின் அருகில் அமைந்த கியரோடும் ஓடியது. 1990-களின் தொடக்கத்தில் அதன் உடலை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினையும் தரையில் அமைந்த ஐந்து வேகக் கியரையும் பூட்டினார்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றியது கவனிக்கத்தக்கது. 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை, இம்மாற்றம் அக்காருக்கு இன்னும் ஒரு தலைமுறை ஆயுளைக் கொடுத்தது.

இதற்கு நேர்மாறான உதாரணத்தைச் சென்னை அளித்தது. 1980-களின் நடுவில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை வெளியிட்டது. அதன் உடல், இங்கிலாந்தில் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு புகழ்பெற்ற ரோவர் காரின் நவீன உடல். உள்ளே இருந்ததோ, பழைய வேன்கார்டு காரின் வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சின். கனத்த உடலை இழுக்க அது திணறிற்று. பெட்ரோலும் மிகுதியாகச் செலவாயிற்று. சில ஆண்டுகளிலேயே அக்கார் சந்தையிலிருந்து மறைந்தது. உடலும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று இசையாவிடில், பெரும் தொழிற்சாலையாலும் அதைக் காப்பாற்ற முடிவதில்லை.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இப்பகுதி மிக இன்றியமையாதது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் இக்கருத்தை உறுதி செய்தது. எஞ்சினை மாற்ற வேண்டுமாயின் பதிவு அதிகாரியின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். புதிய எஞ்சின் எண்ணைச் சான்றிதழில் ஏற்றவேண்டும். வேறு எரிபொருளுக்கோ மின்சாரத்துக்கோ மாற்ற விரும்பினால், அங்கீகாரம் பெற்ற மாற்றுத் தொகுதியையே, விதித்த நிபந்தனைகளின்படி பொருத்தவேண்டும். அனுமதியற்ற மாற்றத்திற்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால், அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் தொகை மறுக்கப்படவும் இடமுண்டு.

ஊரிலேயே இருப்போர் இக்குறையோடு பல்லாண்டு ஓட்டிக்கொண்டிருக்கலாம். யாரும் எஞ்சின் எண்ணைத் தேய்த்துப் பார்ப்பதில்லை. நம் நிலை வேறு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் மற்றொரு மாநிலத்தில் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் பெறவேண்டும் என்பது அச்சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அதற்காகச் சொந்த ஊர் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். புதிய ஊரின் அதிகாரி சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஊரில் எவரும் கேளாத கேள்வி, மாநில எல்லையைக் கடந்தவரிடம் முதல்முதலாகக் கேட்கப்படுகிறது. அப்போது அனுமதிக் கடிதத்தைத் தேடி ஆயிரம் கிலோமீட்டர் திரும்பிச் செல்லவேண்டியவரும் அவரே.

மற்றொரு செய்தியும் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு செய்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள், 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவைப் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அவற்றைச் சாலையில் ஓட்டலாம். அன்றாட உபயோகத்துக்கு அனுமதியில்லை. ஆனால் அதற்கு முக்கிய நிபந்தனை ஒன்று விதித்திருக்கிறார்கள். வண்டி தன் மூல வடிவில் இருக்கவேண்டும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் எதுவும் செய்திருக்கலாகாது.

ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர் முன் இரு வழிகள் உள்ளன. அன்றாடம் ஓட்ட வேண்டுமா? அனுமதி பெற்று, எஞ்சினோடு கியரும் ஆக்சிலும் பிரேக்கும் சேர்த்து முறையாக மாற்றுக. அதற்குரிய செலவைத் தொடக்கத்திலேயே கணக்கிடுக. தந்தையார் ஓட்டிய வண்டியாகவே காக்க வேண்டுமா? அதே எஞ்சினைக் கடைந்து, தாங்கி வார்த்து, பொறுமையோடு புதுப்பிக்க. இரண்டும் நல்ல வழிகளே. எதை விரும்புகிறோம் என்று தெளியாமல், மலிவாகக் கிடைத்த எஞ்சினைப் பூட்டிவிட்டுப் பின்னர் யோசிப்பதுதான் கேட்டை விளைவிக்கிறது.

பட்டறைக்குச் செல்லுமுன் நேயர்கள் மூன்று காரியங்களை நினைவிற் கொள்வார்களாக. முதலாவது, பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து எழுத்து மூலமான அனுமதியைக் கையில் வாங்குவது. இரண்டாவது, எஞ்சின் வாங்கும்போது விற்பவரின் ரசீதையும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதத்தையும் கேட்டுப் பெறுவது. திருட்டு வண்டியின் எஞ்சின் நம் தலையில் விழாதிருக்க இதுவே காப்பு. மூன்றாவது, கழற்றிய பழைய எஞ்சினை விற்றுவிடாமல், எண்ணெய் பூசி, மூட்டையாகக் கட்டிப் பத்திரப்படுத்துவது.

மூன்றாவதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எம் நண்பர் விண்ணப்பம் திரும்பியபின் ஊருக்குச் சென்று, பழைய எஞ்சினையே மீண்டும் பூட்டிவிடலாம் என்று பட்டறைக்காரரைத் தேடினார். கூலியில் ஒரு பகுதிக்கு ஈடாக அதை அவர்கள் எடுத்துக்கொண்டது அப்போதுதான் நண்பருக்கு நினைவு வந்தது. அதை எடைக்குப் போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அரை நூற்றாண்டைக் கடந்த அந்த ஜீப்பு, நாகபுரியில் அவர் குடியிருப்பின் பின்புறம் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. பழம்பெரும் வாகனமாகப் பதியவும் வழியில்லை. மாதம் ஒருமுறை அவர் டயர்களுக்குக் காற்றடித்து, தந்தையார் பிடித்துத் தேய்ந்த ஸ்டியரிங்கைத் துடைத்து வைக்கிறார். அதே தயாரிப்பில் எஞ்சின் ஒன்று உரிய காகிதங்களோடு எங்கேனும் கிடைக்குமா என்று, ஊர்ப்பக்கம் செல்வோரிடமெல்லாம் இன்றும் சொல்லி அனுப்புகிறார்.